சுத்தம் செய்யச் சொன்ன சரிவு

அந்தக் கொடியை அங்கே போட நான் சம்மதித்திருக்கலாமா? மூன்று மழைக்காலம் போய்விட்டது. இன்னும் என்னிடம் பதில் இல்லை. பதில் தெரியாத ஒருத்தி புதிதாக வேலைக்கு வந்திருப்பவர்களுக்கு என்ன சொல்ல முடியும் என்று, இதை எழுதச் சொன்னவர்களிடம் இரண்டு முறை மறுத்தேன். "தெரிஞ்சதை எழுத நிறையப் பேர் இருக்காங்க, நீங்க தெரியாததை எழுதுங்க" என்றார்கள். சரி என்று உட்கார்ந்திருக்கிறேன்.

இப்படி எழுதுகிறவர்கள் வழக்கமாக முப்பது வருஷம் உழைத்து ஓய்வு பெற்றவர்களாக இருப்பார்கள். நான் ஐந்து வருஷம்தான் வேலை பார்த்திருக்கிறேன். அந்தமானின் பாராடாங் தீவில், மூடிப்போன ஒரு கல் குவாரியில் மண்ணையும் இந்தத் தீவுக்குரிய செடிகளையும் திரும்பக் கொண்டுவரும் வேலை. என் மகளுக்குப் பள்ளி வயது வந்துவிட்டதால் போர்ட் பிளேருக்கு மாற்றல் கேட்டேன், கிடைத்துவிட்டது. இந்த மாதக் கடைசியில் அந்தச் சரிவை உங்களில் இரண்டு பேரிடம் ஒப்படைக்கிறேன். குழி எவ்வளவு ஆழம், நாற்றுக்கு எத்தனை நாள் நிழல் என்பதெல்லாம் கோப்பில் இருக்கிறது. கோப்பில் சரியாக வராத ஒரு வாரத்தைப் பற்றி மட்டும் இங்கே சொல்கிறேன். அந்த வாரத்தில் தப்பு செய்தது நான்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ரோட்டுக்கு ஜல்லி எடுத்த குவாரி அது. மலையின் ஒரு பக்கத்தை அப்படியே வெட்டி எடுத்திருந்தார்கள். வெட்டுவதற்கு முன்னால் யாரோ புத்தியாக மேல்மண்ணை வழித்து ஓரமாகக் குவித்து வைத்திருந்தார்கள். அந்த மண்ணைத்தான் நாங்கள் சரிவில் பரப்பினோம். ஒரு சாண் கனம். அதற்குக் கீழே உடைந்த கல். மெயின்லாண்டில் வேலை பார்ப்பவர்களுக்கு இது பெரிதாகத் தெரியாது. மண் அரித்துப் போனால் பக்கத்து ஏரியிலிருந்து வண்டல் அடித்துக்கொள்வார்கள். இங்கே காட்டு மண்ணைத் தொடக் கூடாது. கப்பலில் மண் கொண்டுவந்தால் அதோடு என்ன விதை, என்ன பூச்சி வந்து இறங்கும் என்று தெரியாது. ஆகவே அந்த ஒரு சாண் போனால் போனதுதான். சரிவின் அடியில் ஓர் ஓடை ஓடுகிறது. அதில் சின்னத் தடுப்பு கட்டி, குழாய் போட்டு, கீழே உள்ள குடியிருப்புக்குத் தண்ணீர் போகிறது. மண் போனால் அவர்கள் தண்ணீரிலேதான் போகும்.

இந்தத் தீவுகளுக்கே உரிய மரமான படாக்கின் நாற்றுகளை வரிசையாக நட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. பாதியை மான் தின்றுவிட்டது. வெள்ளைக்காரன் காலத்தில் வேட்டைக்காகக் கொண்டுவந்து விட்ட புள்ளிமான்கள். தின்பதற்குப் புலி இல்லாத ஊரில் பெருகிவிட்டன. மீதி நாற்றுகளுக்கு நடுவில், நாங்கள் நடாமலே வந்தவை முழங்கால் உயரம் நின்றன. பெரணி, வட்டக்கண்ணி, பெயர் தெரியாத புல், கொத்துக் கொத்தாக ஏதேதோ. பார்க்க அழகாக இருக்காது. நட்ட செடி எது, நடாதது எது என்று தெரியாது.

ஒரு மே மாதத் திங்கட்கிழமை காலை அலுவலகத்திலிருந்து போன் வந்தது.

"வெள்ளிக்கிழமை பெரிய சார் வர்றார். பிளான்டேஷன் கண்ணுக்குத் தெரியணும், புரியுதா? போன தடவ வந்தவருக்குக் காடுதான் தெரிஞ்சுது, நீங்க வெச்ச செடி தெரியல."

இப்போது யோசித்தால், காடு தெரிந்தது என்பதைவிட நல்ல செய்தி எங்கள் வேலையில் வேறு என்ன இருக்கிறது? ஆனால் அன்றைக்கு எனக்கு அது திட்டாகத்தான் காதில் விழுந்தது. என் பணி வருஷா வருஷம் நீட்டிக்கப்படுவது. மறுநாள் மகளுக்குப் போர்ட் பிளேரில் ஊசி போட வேண்டும், அதற்கு அன்றைக்கே கிளம்பியாக வேண்டும். பாராடாங் ஆஸ்பத்திரியிலும் அதே ஊசிதான் போடுகிறார்கள். இருந்தும், போர்ட் பிளேர் ஷாதிபூரில் அம்மா வீட்டுப் பக்கத்தில் இருக்கும் டாக்டரிடம் காட்டினால்தான் எனக்கு மனசு ஆறும். போனது சரியா என்று அதையும் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் ஆட்களை நடத்துகிறவர் என்னைவிட ஐந்தாறு வயது பெரியவர். எல்லோருக்கும் அவர் கட்சால் அக்கா. அவருடைய அப்பா அம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, கட்சால் தீவின் அரசு ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டவர்கள். அவர் பிறந்தது, ரப்பர் பால் வெட்டக் கற்றது எல்லாம் அங்கே. சுனாமிக்கு அப்புறம் இந்தப் பக்கம் வந்துவிட்டார். அதைப் பற்றி அவர் பேசுவதில்லை, நாங்களும் கேட்பதில்லை.

கிளம்புகிற அவசரத்தில், தோளில் குழந்தையும் கையில் பையுமாக நின்று அவரிடம் சொன்னேன். "அக்கா, வெள்ளிக்கிழமை பெரிய சார் வர்றார். நட்ட செடி தெரியற மாதிரி சாஃப் பண்ணிடுங்க."

"எம்புட்டு சாஃப்புங்க மேடம்?"

"பக்கா சாஃப்."

அவர் கேட்டது சரியான கேள்வி. நின்று பதில் சொல்ல வேண்டிய கேள்வி. நான் பஸ் படியில் ஏறிக்கொண்டே சொன்னேன்.

புதன்கிழமை மத்தியானம் திரும்பி வந்தேன். ஊசி போட்ட காய்ச்சல் மகளுக்கு. போர்ட் பிளேர் துறைமுகத்தில் வேலை பார்க்கும் என் கணவர் இரண்டு நாள் லீவு போட்டுக் கூடவே வந்திருந்தார். குழந்தையை அவரிடம் விட்டுவிட்டு நேராகக் குவாரிக்குப் போனேன்.

சரிவு முழுக்கப் பெருக்கிய வாசல் மாதிரி இருந்தது. ஒரு புல் இல்லை. படாக் நாற்றுகள் வரிசை வரிசையாக, ஒவ்வொன்றையும் சுற்றி வட்டமாகக் கொத்திவிட்ட மண்ணோடு நின்றன. ஓரங்கள்கூட நூல் பிடித்த மாதிரி. அக்காவும் பெண்களும் சுரண்டியை ஊன்றிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்கள்.

உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மேலிருந்தும் கீழிருந்தும் போட்டோ எடுத்து அலுவலக குரூப்பில் போட்டேன். கட்டைவிரல்கள் வரிசையாக வந்தன.

"எங்கம்மா புல்லு வெட்டுனா கங்காணி செருப்பக் கழட்டிட்டுத்தான் மலைக்குள்ள வருவாரு" என்றார் அக்கா. "தரை அப்புடி இருக்கும்."

அப்புறம் சரிவில் கால் வைத்து ஏறினேன். கணுக்கால்வரை உள்ளே போனது. நான் அடுத்த அடி எடுத்து வைக்கும்போது, காலடியிலிருந்து மண் சின்ன ஓடைபோல் கீழே வழிந்தது. அதன் பின்னால் ஒரு கல் உருண்டு போய் ஓடையில் விழுந்த சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான், ஒரு வருஷமாக அந்த மண்ணைப் பிடித்துக்கொண்டிருந்தது நான் நட்ட படாக் இல்லை, நான் பிடுங்கச் சொன்ன பெரணியும் வட்டக்கண்ணியும் என்று உறைத்தது. படித்திருக்கிறேன். பரீட்சையில் எழுதியிருக்கிறேன். மண்ணை மூடும் முதல் செடிகளைத் தொடாதே என்று நானே ஆட்களுக்கு வகுப்பு எடுத்திருக்கிறேன். பெரிய சார் வருகிறார் என்றதும் எல்லாம் மறந்துபோயிற்று.

அப்போதுதான் கணவர் போன் செய்தார். "சென்னைக் கப்பலை நிறுத்திட்டாங்களாம். ஹார்பர்ல புயல் சிக்னல் ஏத்திட்டாங்க. நாளைக்குச் சாயங்காலத்திலிருந்து பலமா மழைன்னு சொல்றாங்க. நீ எப்ப வர்ற?"

"காய்ச்சல் எப்படி இருக்கு?"

"குறையல. அதிகமும் ஆகல. நீ வேலையைப் பாரு."

பிடுங்கியதையெல்லாம் எங்கே போட்டீர்கள் என்று அக்காவிடம் கேட்டேன். கீழே குவித்திருக்கிறோம், காய்ந்ததும் கொளுத்திவிடலாம் என்றார்.

"கொளுத்த வேணாம்க்கா. எல்லாத்தையும் மேல கொண்டுவந்து திரும்பப் பரப்பணும்."

அக்கா மற்ற பெண்களைத் திரும்பிப் பார்த்தார். "திங்கக்கெழம சாஃப் பண்ணுன்னீங்க. இன்னிக்கிக் குப்ப போடுங்கிறீங்க. நாளைக்கி என்ன, தண்ணி ஊத்திக் கழுவணுமா?"

பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை. "நான் சொன்னது தப்புக்கா. மழை வருது. மண்ணு நிக்காது" என்றேன்.

அவர் ஒரு பிடி மண்ணை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். அதற்கப்புறம் கீழே இறங்கி, முதல் செடிக்கட்டை அவரே தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்.

அந்த மத்தியானம் நாங்கள் செய்தது இதுதான்: வாடின செடிகளைச் சரிவுக்குக் குறுக்கே வரிசையாகப் போட்டு மூடாக்கு அமைத்தோம். முதலில் போட்டவை வழுக்கிக்கொண்டு வந்துவிட்டன. மூங்கில் முளைகளை அடித்து, அவற்றுக்கு மேல்பக்கம் அணைத்துப் போட்டபோது நின்றன. போதாததற்குக் குடியிருப்பில் வீடு வீடாகப் போய்த் தென்னை மட்டையும் பாக்கு மட்டையும் கேட்டு வாங்கினோம். இருட்டுவதற்குள் கீழ்ப்பக்கம் முழுக்க மூடியாயிற்று, ஓடையோரம் மட்டை போதாமல் விட்ட ஒரு மூலை தவிர. மேலே பழைய லாரிப் பாதை இருந்த இடமும் மொட்டையாக நின்றது. அங்கே சரிவு அதிகம். எதைப் போட்டாலும் நிற்கவில்லை. அந்தப் பட்டை சரிந்தால் கீழே போட்ட அத்தனையையும் அள்ளிக்கொண்டு ஓடையில் இறங்கும்.

வியாழன் காலையில் நான் போகும்போது அக்கா எனக்கு முன்னால் வந்திருந்தார். தலையில் பச்சையாக ஒரு சுருள். சுருட்டிய பாய் மாதிரி. இறக்கி, உதறி, தரையில் விரித்தார். வலை மாதிரி பின்னிய கொடி. கணுவுக்குக் கணு வேர், வேரில் மண்.

"கவர் கொடி" என்றார். "ரப்பருக்கு அடியில தரைய மூடப் போடுவோமே, அது. பழைய பாக்குத் தோட்டத்துல யாரோ மாட்டுக்குன்னு போட்டு, கேப்பாரில்லாம கெடக்கு. இப்புடியே பாய் பாயா உரிக்கலாம். மேல விரிச்சு முளை அடிச்சா இன்னிக்கு வலையா நிக்கும், அடுத்த வாரம் வேரு எறக்கிரும்."

"அக்கா, இது வெளியூர்க் கொடி. விட்டா எல்லா மரத்து மேலயும் ஏறிரும்."

"ஏறத்தான் செய்யும்."

"பிளான்லயே எழுதியிருக்கு, இந்தத் தீவுச் செடி மட்டும்தான்னு. எழுதுனதே நான்தான்."

"சரிங்க. அப்ப மழைக்கிட்ட அந்தப் பிளானக் காட்டுங்க."

எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் கோபப்பட எனக்கு என்ன இருக்கிறது என்று உடனே தோன்றியதும் நிஜம். மற்றவர்கள் காதில் விழாத இடம்வரை ரோட்டில் நடந்துபோய், எனக்கு முதலில் மேலதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவருக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் கொட்டினேன்.

"மழை எப்போ?"

"சாயங்காலம்ங்கறாங்க சார்."

"கொடி எங்க இருக்கு?"

"ஒரு பாய் வந்துருச்சு சார். அக்கா தலைமேல வெச்சுக் கொண்டுவந்துட்டாங்க."

சிரித்தார். "நான் வேணாம்னு சொன்னா மண்ணு போகும், அப்ப நீ என்னைச் சொல்லுவ. போடுன்னா கொடி பரவும், அப்பவும் என்னைத்தான் சொல்லுவ. ரெண்டும் எனக்கு வேணாம்மா. நீ அங்க நிக்கற, நான் வீட்ல ஃபேன் கீழ உக்காந்திருக்கேன். ஒண்ணு மட்டும் கேக்கறேன். போட்டா, அதை எடுக்கப் போறது யாரு?"

"நான்தான் சார்."

"எத்தனை வருஷத்துக்கு?"

என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஏதோ சொன்னேன்.

திரும்பி வந்து, லாரிப் பாதைப் பட்டையில் மட்டும் போடலாம் என்றேன். இரண்டு பக்கமும் கல் அடுக்கி எல்லை வைக்க வேண்டும். கல்லைத் தாண்டி ஒரு நுனி வந்தாலும் அன்றே வெட்ட வேண்டும். அக்கா தலையாட்டிவிட்டு, "எல்ல கட்டுனா கொடிக்குத் தெரியுமாங்க மேடம்?" என்றார். "நமக்குத் தெரியும்ல அக்கா" என்றேன். பிக்கப் வண்டி பாக்குத் தோட்டத்துக்கும் குவாரிக்கும் மூன்று நடை போனது.

நடுவில் கணவர் மகளைத் தூக்கிக்கொண்டு அங்கேயே வந்துவிட்டார். "காலையிலேர்ந்து அம்மா அம்மான்னு ஒரே பாட்டு. எனக்குத் தெரிஞ்ச எல்லா வேஷமும் போட்டுப் பாத்துட்டேன்." தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்து பால் கொடுத்தேன். நெற்றி முந்தின நாளைவிடக் குளிர்ச்சியாக இருந்த மாதிரி இருந்தது. இல்லையோ என்று கன்னத்தை வைத்துப் பார்த்தேன். கணவரையும் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். அங்கிருந்தே, அந்த முளை சரியில்லை, இந்தப் பக்கம் இன்னொரு கல் என்று கத்திக்கொண்டிருந்தேன்.

"அப்புடித்தான்" என்றார் அக்கா மேலேயிருந்து. "எங்க தோட்டத்துல தொரைகூட ரெண்டையும் ஒண்ணாச் செஞ்சதில்ல."

நாலு மணிக்கு மழை பிடித்தது. கடைசி முளையை அடித்தவர்கள் நனைந்துகொண்டே இறங்கினார்கள். எல்லோரும் தார்ப்பாய்க்குள் நெருக்கிக்கொண்டு நின்று சரிவையே பார்த்தோம். முதல் அரைமணி நேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு, மூடாமல் விட்ட அந்தக் கீழ்மூலை மெதுவாக நகர்ந்தது. மூன்று படாக் நாற்றுகள் நின்றபடியே நகர்ந்துபோய் ஓடையில் இறங்கின. தண்ணீர் செங்கல் நிறமாக மாறியது. என் கை தானாக மகளின் தலையை மூடியது, அவளுக்கு என்னமோ ஆகிவிடப்போகிற மாதிரி. மேலே கொடி விரித்த பட்டை நடுவில் லேசாக உப்பிற்று. முளைகள் சாய்ந்தன. ஆனால் நின்றது. இருட்டுகிறவரை பார்த்தோம். நின்றுகொண்டே இருந்தது.

மறுநாள் குடியிருப்புக் குழாயில் கலங்கல் வந்தது. இரண்டு நாள் அவர்கள் கூரைத் தண்ணீரைப் பிடித்துக் குடித்தார்கள். ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். சாயா கடைக்காரர், பெங்காலி, பாத்திரத்தில் தண்ணீரைக் காட்டி, "சாய் பத்தி பச் கயா, மேடம்" என்றார். தேயிலை மிச்சம் என்கிறார். வேறு திட்டு எதுவும் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை வர வேண்டிய பெரிய சார் சனிக்கிழமை காலை, காட்டு ரோட்டில் வண்டிகளை ஒன்றாகச் சேர்த்து அனுப்பும் கான்வாயில் வந்து சேர்ந்தார். தமிழர் இல்லை, எங்களோடு ஹிந்திதான். குடையைப் பிடித்துக்கொண்டு சரிவைப் பார்த்தார். காய்ந்த செடி, தென்னை மட்டை, சாய்ந்த முளை, மேலே சம்பந்தமில்லாமல் ஒரு பச்சைப் பட்டை. போனைத் திறந்து நான் அனுப்பின படத்தைப் பார்த்தார்.

"போட்டோ மே தோ ஏக்தம் சாஃப் தா" என்றார். "யே சப் உகாடா கிஸ்னே?"

படத்தில் படுசுத்தமாக இருந்ததே என்கிறார், இதையெல்லாம் பிடுங்கியது யார் என்று கேட்கிறார். அக்கா பத்தடி தள்ளி, கையில் கத்தியோடு நின்றார். எனக்கு ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. லேபர்கள் கொஞ்சம் அதிகமாகச் செய்துவிட்டார்கள் சார், நான் அப்போது ஊரில் இல்லை. அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை என்பதுதான் ஆபத்து. இந்த மாதிரி வாக்கியம் உங்கள் வாயிலும் ஒருநாள் வந்து நிற்கும். அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

"நான்தான் சார் எடுக்கச் சொன்னேன். நீங்க வர்றீங்கன்னு" என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னேன். கொடியைப் பற்றியும் சொன்னேன். பிளானில் இல்லாதது என்றும் சொன்னேன்.

அவர் ஓடைக்குப் போய்க் குனிந்து தண்ணீரைப் பார்த்தார். மேலே ஏறிக் கொடியை இழுத்துப் பார்த்தார். திரும்பி வந்து, "லிக் கே தோ" என்றார். எழுதிக் கொடு. எழுதினேன். என் தவறு என்ன, என்ன போட்டோம், எங்கிருந்து எங்கே வரை, எடுக்கும் பொறுப்பு யாருடையது. கீழே கையெழுத்து. அந்தத் தாள் இன்னும் கோப்பில் இருக்கிறது. என் பணி நீட்டிப்பில் அதனால் ஒன்றும் ஆகவில்லை. பயந்ததில் பாதிகூட நடக்கவில்லை என்று இப்போது எளிதாகச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு அது தெரியாது.

அவர் போனதும் அக்கா வந்து, "நான் செஞ்சேன்னு சொல்லிருக்கலாம்ல? எனக்கென்ன, என்னய என்ன செய்யப்போறாங்க?" என்றார்.

"நீங்கதான் கேட்டீங்களேக்கா, எம்புட்டு சாஃப்னு."

"கேட்டேன்" என்றார்.

பிறகு நடந்ததில் நான் எதிர்பார்க்காதது நிறைய. மூடாக்காகப் போட்ட செடிகள் காயும்போதே விதையைக் கொட்டியிருந்தன. ஆகஸ்டில் கீழ்ப்பக்கம் முழுக்க வட்டக்கண்ணி, முன்னைவிட நெருக்கமாக. முளையும் மட்டையும் கிடந்த இடத்தில் மான் கால் வைக்கத் தயங்கியது. அந்த வருஷம் தின்னாமல் தப்பின படாக் நாற்றுகள்தான் இன்றைக்கு என் தலைக்கு மேலே நிற்பவை. இப்போது புது இடத்தில் வேலை தொடங்கும்போதே குப்பையைப் பரப்பிவிட்டுத்தான் நடுகிறோம். பெரிய சார் அதைப் படம் பிடித்து மற்றவர்களுக்கு அனுப்புகிறார். காலையில் சரிவில் நடக்கும்போது மனசு நிறைந்துதான் இருக்கிறது. அதை மறைக்கவில்லை.

நீங்கள் கேட்டால் சொல்வதற்கு என்னிடம் இரண்டு விஷயம் உண்டு. ஆய்வுக்கு ஒருவர் வருகிறார் என்று தெரிந்த நாளில் சரிவில் எதையும் மாற்றாதீர்கள். இன்னொன்று, வேலை செய்கிறவர் "எவ்வளவு?" என்று கேட்டால் பஸ்ஸை விட்டுவிட்டாவது நின்று பதில் சொல்லுங்கள். கட்சால் அக்காவுக்கு வேலை தெரியும்; ரப்பர் தோட்டத்தில் ஒரு புல் விடாமல் வெட்டுவது உயர்ந்த வேலை. எந்த இடத்தில் எது நல்ல வேலை என்று சொல்ல வேண்டியது நான்.

ஆனால் கொடி? அதில் எனக்குப் பாடம் எதுவும் கிடைக்கவில்லை. மூன்று வருஷமாக, மழை மாதங்களில் வாரம் ஒரு முறை, மற்ற நாட்களில் மாதம் ஒரு முறை, கல் வரிசையைத் தாண்டினதை வெட்டியிருக்கிறோம். ஒரு முறை மகளுக்குச் சளி என்று இரண்டு வாரம் போகவில்லை. ஒரு வட்டக்கண்ணியின் உச்சிக்கே ஏறியிருந்தது. அந்தப் பட்டையில் வேறு எதுவும் முளைக்கவில்லை. சரிவு முழுவதும் காட்டின் நிறம் வந்துவிட்டது. அங்கே மட்டும் ஒரே பச்சை. சரி, எடுத்துவிடலாம் என்று போன மாதம் ஒரு மூலையைத் தூக்கினோம். கீழே மண் கறுப்பாக, பொலபொலவென்று, மண்புழு நெளிய இருந்தது. சரிவில் வேறெங்கும் அப்படி மண் இல்லை. ஒரு சாண் மண்ணைக் காப்பாற்றப் போட்டது, இரண்டு விரல்கடை மண்ணைக் கூடுதலாகச் செய்து வைத்திருக்கிறது. நானும் அக்காவும் தூக்கின மூலையைப் பிடித்துக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்தோம். மறுபடி மூடிவிட்டோம்.

இனி நான் அங்கே இருக்கப்போவதில்லை. மழைக்கு இன்னும் மூன்று வாரம்தான். ஒரேயடியாக உரித்தால் அந்தச் செங்குத்துப் பட்டை திரும்ப மொட்டையாக மழையில் நிற்கும். விட்டால், இரண்டு வாரம் யாராவது மறந்தால் போதும், கொடி காட்டுக்குள் போய்விடும். குறுக்குவாட்டில் பட்டை பட்டையாக எடுத்து, எடுத்த இடத்தில் வட்டக்கண்ணி விதைக்கலாமா? அல்லது பக்கத்து மரங்களின் நிழல் வந்து தானாகச் சாகும்வரை வெட்டிக்கொண்டே இருக்கலாமா? அக்கா ஒரு நாள் ஒன்று சொல்கிறார், நான் ஒரு நாள் ஒன்று சொல்கிறேன்.

ரப்பர், தேயிலைத் தோட்டங்களிலோ, சுரங்க நிலங்களிலோ இந்த மாதிரிக் கொடியைப் போட்டு, பிறகு அதை எடுத்துப் பழகினவர்கள் இதைப் படிப்பவர்களில் யாராவது இருப்பீர்கள். நீங்கள் என்ன செய்தீர்கள், எந்த மாதத்தில் செய்தீர்கள், செய்த பிறகு மண் நின்றதா என்று தயவுசெய்து சொல்லுங்கள். பதிலை எனக்கு அனுப்ப வேண்டாம்; எனக்கு அனுப்பினால் நான் இன்னும் நாலு பேரிடம் கேட்டுக்கொண்டிருப்பேன். குவாரிக்கு வரும் புதியவர்களிடம் சொல்லி, கட்சால் அக்காவுக்குப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். கத்தி அவரிடம்தான் இருக்கிறது.